பெயர் எழுதாத வெள்ளைத் தூள்: சலவை சோடாவைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி?



நம் கூட்டமைப்பில் உள்ள பல குழுக்கள் துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் கழுவும் பவுடர், பினாயில் என்று தொழில் செய்து வருகின்றன. கூட்டத்தில் உட்கார்ந்தால் விலை பேசுகிறோம், கடன் பேசுகிறோம், எந்தக் கடையில் விற்கலாம் என்று பேசுகிறோம். ஆனால் அந்தப் பவுடருக்கு மூலப்பொருளான வெள்ளைத் தூள் மூட்டை எங்கே இருக்கிறது என்று யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் அது ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் இருக்கும். இல்லாவிட்டால் நெல் மூட்டைக்குப் பக்கத்திலேயே சாய்த்து வைத்திருப்பார்கள். மிச்சம் கொஞ்சம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அடுப்படி மாடத்தில் இருக்கும்.

அந்தத் தூளின் பெயர் சலவை சோடா. கடையில் 'சோடா ஆஷ்' என்று கேட்டால் தருவார்கள். விஞ்ஞானப் பெயர் சோடியம் கார்பனேட். இதைப் பற்றித்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது பயங்கரமான விஷம் இல்லை. தீப்பிடிக்காது, வெடிக்காது. மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் பிளஸ் டூ பிள்ளைகள் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது பயன்படுத்துகிற சாதாரண ரசாயனம்தான். ஆபத்து குறைவான பொருள் என்றுதான் இதை வகைப்படுத்துகிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட தூளுக்கே ஆய்வகத்தில் ஒரு ஒழுங்கு உண்டு. மூடி இறுக்கமான பாட்டில், பாட்டில் மேல் பெயர், தனி அலமாரி. நம்மிடம் அந்த ஒழுங்கு இல்லை. அதனால் ஆய்வகத்தில் சாதுவாக இருக்கிற அதே தூள் நம் வீட்டுக்கு வந்ததும் ஆபத்தாகிவிடுகிறது.

இது எங்கிருந்து வருகிறது?

நம் நாட்டில் சோடா ஆஷின் பெரும்பகுதி குஜராத்தில்தான் தயாராகிறது. உப்புதான் இதற்கு அடிப்படை. நம் தமிழ்நாட்டில் உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடியிலும் இதற்கு ஒரு ஆலை உண்டு. கொதிகலன் புகையில் வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து, அதைக் கொண்டே சோடா தயாரித்ததற்காக, 2017-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்த ஆலையின் பெயர் வெளிநாட்டுப் பத்திரிகைகளில்கூட வந்தது.

தொழிற்சாலை வருவதற்கு முன்னாடியே நம் மக்களுக்கு இது பழக்கம்தான். அந்தக் காலத்தில் வெள்ளாவி வைக்கிறவர்கள் உவர்மண்ணை அள்ளி வந்து துணி வெளுத்தார்கள் இல்லையா? அந்த மண்ணில் வெள்ளை பூத்துக் கிடப்பதில் இருப்பது இதே சோடாதான். பயிர் ஏறாத களர் நிலத்திலும் இதுதான் இருக்கிறது. அழுக்கை எடுக்கிற அதே காரம்தான் நெற்பயிரையும் வாட்டுகிறது. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள், கடைசியில் திரும்பவும் வரும்.

மூன்று சோடா, மூன்று குணம்

குழப்பமே பெயரில்தான் தொடங்குகிறது. "சோடா" என்று நாம் சொல்வது ஒரு பொருள் இல்லை, மூன்று பொருள்.

சமையல் சோடா: ஆப்ப சோடா என்றும் சொல்வோம். ஆப்பத்துக்கும் பஜ்ஜிக்கும் ஒரு சிட்டிகை போடுவது. சோடியம் பைகார்பனேட்.

சலவை சோடா: துணிக்கும் பாத்திரத்துக்கும் உரியது. சோடியம் கார்பனேட்.

காஸ்டிக் சோடா: கட்டி சோப்பு காய்ச்சவும் வேறு சில தொழில்களுக்கும் பயன்படுவது. பெரும்பாலும் செதில் செதிலாக இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு. இது தோலையே அரித்துவிடும். வெறுங்கையால் தொடவே கூடாது.

எவ்வளவு காரம் என்பதை பி.எச். என்ற அளவால் சொல்வார்கள். மிளகாய்க் காரம் இல்லை, சோப்புக் காரம். சுத்தமான தண்ணீர் 7. சமையல் சோடா கரைத்த தண்ணீர் 8-க்குக் கொஞ்சம் மேலே. சலவை சோடா கரைத்த தண்ணீர் சுமார் 11. காஸ்டிக் சோடா 13, 14 வரை போகும். 8-க்கும் 11-க்கும் மூன்றுதானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு படி ஏறும்போதும் காரம் பத்து மடங்கு கூடும். மூன்று படி ஏறினால் ஆயிரம் மடங்கு. ஆப்ப சோடாவுக்குப் பதில் சலவை சோடா விழுந்தால் ஏன் வாயும் தொண்டையும் எரிகிறது என்பது இப்போது புரியும்.

நமக்கு இதைக் காட்டித் தருகிற ஒரு சாட்சி வீட்டிலேயே இருக்கிறது. ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறதே, அதுதான். மஞ்சள் காரத்தைக் கண்டால் சிவக்கும். ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள் தண்ணீரைத் தடவிக் காய வையுங்கள். சலவை சோடாவை ஒரு கரண்டித் தண்ணீரில் கரைத்து அதில் ஒரு சொட்டு விட்டால் தாள் நன்றாகச் சிவக்கும். சமையல் சோடா தண்ணீர் விட்டால் பெரிய மாற்றம் தெரியாது. குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

ஆனால் ஒன்று. இந்தச் சோதனை நாம் தெரிந்துகொள்வதற்காக மட்டும்தான். பெயர் தெரியாத தூளைச் சோதித்துப் பார்த்து, "சிவக்கலை, அப்ப இது ஆப்ப சோடாதான்" என்று சமையலில் போட்டுவிடாதீர்கள். சிவக்காத விஷங்களும் நிறைய உண்டு. நாக்கில் வைத்துப் பார்ப்பது அதைவிட மோசம். பெயர் தெரியாத தூள் சமையலுக்கு ஆகாது, அவ்வளவுதான்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

கண்: சலவை சோடாவால் முதலில் பாதிக்கப்படுவது கண்தான். தூசி பட்டால் எரியும், சிவக்கும், தண்ணீர் கொட்டும். அதனால்தான் கம்பெனி மூட்டையில் ஆச்சரியக்குறி போட்ட ஒரு படம் இருக்கும். எச்சரிக்கை என்று அர்த்தம்.

மூக்கு, தொண்டை: சல்லடையில் சலிக்கும்போது பறக்கிற தூசிதான் காரணம். இருமல், தும்மல், தொண்டைக் கரகரப்பு வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் சலிக்கிற வேலைக்கு வர வேண்டாம். அவர்கள் பாக்கெட் போடலாம், கணக்கு எழுதலாம்.

தோல்: ஒரு நாள் தொட்டால் ஒன்றும் ஆகாது. தினமும் வெறுங்கையால் அளைந்தால் தோல் வறண்டு வெடிக்கும். வெட்டுக்காயம் இருந்தால் எரியும்.

குழந்தைகள்: பெரியவர்களுக்கு எரிச்சலோடு போகிற விஷயம், சர்க்கரை என்று நினைத்து ஒரு கை அள்ளி வாயில் போட்ட குழந்தைக்குப் பெரிய கஷ்டமாக முடியும்.

நம் டெல்டா வீட்டில் எத்தனை வெள்ளைத் தூள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அரிசி மாவு, கோலமாவு, உப்பு, சர்க்கரை, ஆப்ப சோடா, தொட்டிக்குப் போடுகிற பிளீச்சிங் பவுடர், எறும்புப் பொடி, வயலுக்கு வாங்கி மிச்சமான ஜிங்க் சல்பேட். இதில் பாதி சாப்பிடுவது, பாதி சாப்பிடக் கூடாதது. கண்ணால் பார்த்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சாப்பாட்டுப் பொருளும் சாப்பிடக் கூடாத பொருளும் கலந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு நாடே அழுத ஒரு சம்பவம் உண்டு. 2013-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி, பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற கிராமத்துப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்துபோனார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. பூச்சிமருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்திருக்கலாம் என்று அதிகாரிகள் அப்போது சொன்னார்கள். அந்தப் பூச்சிமருந்து கடும் விஷம், நம் சலவை சோடா அப்படி இல்லை. ஆனாலும் பழக்கம் ஒன்றுதான். இன்றைக்குச் சலவை சோடாவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுகிற கை, நாளைக்குப் பூச்சிமருந்தையும் அப்படித்தான் போடும். சின்ன விஷயத்தில் பழகிய ஒழுங்குதான் பெரிய விஷயத்தில் நம்மைக் காப்பாற்றும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது

1. மூட்டையில் பொருளின் பெயர், கம்பெனி பெயர், எடை, தயாரித்த தேதி அச்சிட்டிருக்க வேண்டும். பெயர் இல்லாத சாக்கில் கட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

2. ரசீது வாங்குங்கள். குழுக் கணக்குக்கும் அது வேண்டும், ஏதாவது ஆனால் மருத்துவரிடம் காட்டவும் உதவும்.

3. 'பாதுகாப்புத் தகவல் தாள்' கேளுங்கள். ரசாயனம் தயாரிக்கிற கம்பெனிகள் இதை வைத்திருக்கும். கடைக்காரர் முதலில் முழிப்பார். நாலு குழு சேர்ந்து கேட்டால் வாங்கித் தருவார்.

4. தூளா, கட்டியா என்று பாருங்கள். இது பணக் கணக்கு. படிகமாக, கல் மாதிரி இருக்கிற சலவை சோடாவுக்குள் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அந்தப் படிகம் 1 கிலோ வாங்கினால் அதில் சோடா சுமார் 370 கிராம்தான், மீதி 630 கிராம் தண்ணீர். சோடா ஆஷ் என்கிற உலர்ந்த தூளில் அந்தத் தண்ணீர் இல்லை. "கட்டி விலை மலிவா இருக்கு மேடம்" என்று சொல்கிற சகோதரிகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வைக்கும்போது கவனிக்க வேண்டியது

ஈரம்தான் இதற்கு எதிரி. சோடா ஆஷ் காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்து இறுகிக் கட்டியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் பக்கம் சுவரே வியர்க்கும். அப்போது திறந்து கிடக்கிற மூட்டை வீண்தான். இறுகிய சோடா ஆபத்தானது இல்லை. ஆனால் ஈரத்தின் எடையும் சேர்ந்திருக்கும். அதே அளவு நிறுத்துப் போட்டால் பவுடரில் சோடா குறையும், அழுக்கு போகாது, அடுத்த மாதம் கடைக்காரர் உங்கள் பாக்கெட்டை வாங்க மாட்டார். அதனால்:

- மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள். நெல் மூட்டைக்குப் போடுவதுபோல் பலகை போட்டு, சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

- பிரித்த மூட்டையை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி மூடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. காரம் அலுமினியத்தை அரிக்கும்.

- மூன்று மாதத்துக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிக் குவிக்காதீர்கள். மழைக்காலத்தில் ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

- ஆசிட், ஆசிட் சிலரி, வினிகர் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். சோடாவும் ஆசிடும் சேர்ந்தால் நுரைத்துப் பொங்கும். மூடிய பாத்திரமாக இருந்தால் மூடி தெறிக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலும் ஆசிட் இருக்கக் கூடாது. அவை இரண்டும் கலந்தால் குளோரின் என்ற விஷவாயு வரும்.

- அரிசி, பருப்பு, மாட்டுத் தீவனம் இருக்கிற அறையில் வேண்டாம். வேறு இடமே இல்லை என்றால் அறையின் எதிர் மூலையில், பூட்டுப் போட்ட பெட்டியில் வையுங்கள்.

- 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் எத்தனை கூரை பறந்தது என்று நமக்குத் தெரியும். கீற்றுக் கொட்டகையில் மூட்டை வைத்திருப்பவர்கள் ஒரு தார்ப்பாயும் கயிறும் தயாராக வைத்திருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பெயர். பழைய காலண்டர் அட்டை போதும். டிரம்மின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்:

சலவை சோடா
சாப்பிடக் கூடாது
வாங்கிய தேதி
பொறுப்பாளர் பெயர்

படிக்கத் தெரியாத பாட்டிக்கும் சின்னப் பிள்ளைக்கும் புரிய வேண்டாமா? அட்டையில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறியும் போடுங்கள். குழு முழுவதும் ஒரே அடையாளம் வைத்துக்கொண்டால் எந்த வீட்டுக்குப் போனாலும் தெரியும். சாப்பாட்டுப் பொருள் வந்த பாட்டிலிலோ டப்பாவிலோ ஒருபோதும் போடாதீர்கள்.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியது

சலிப்பதும் கலப்பதும் காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி உட்காருங்கள். மூக்கையும் வாயையும் மூட முகக்கவசம், கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை. முந்தானையால் மூக்கை மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள். பொடி தூசி முந்தானை வழியாகவும் போகும், பிறகு அதே முந்தானையால் குழந்தை முகத்தைத் துடைப்போம்.

தண்ணீரில் கரைக்க வேண்டுமானால் தண்ணீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். குவித்த தூள்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள். உலர்ந்த சோடா தண்ணீர் பட்டதும் சூடாகும், கல் மாதிரி இறுகியும் போகும்.

துணி பவுடருக்கு ஆசிட் சிலரி சேர்க்கும்போது இன்னும் எச்சரிக்கை தேவை. சிலரி, சோடா மாதிரி சாது இல்லை, தோலைப் பொசுக்கும். தூளைப் பரப்பிக்கொண்டு சிலரியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். சூடு வரும், நுரைக்கும், வாயு வரும். ஆறிய பிறகு சலியுங்கள். சூடாக இருக்கும்போதே பாக்கெட் போட்டு ஒட்டாதீர்கள்.

வேலை முடியும் வரை குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. அந்த இடத்தில் டீ குடிப்பது, வெற்றிலை போடுவது வேண்டாம். முடிந்ததும் கையையும் முகத்தையும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால்?

கண்ணில் பட்டால்: கசக்காதீர்கள். இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரைத் தொடர்ந்து 15 நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்தாலும் நிறுத்தாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். பிறகும் எரிச்சலோ மங்கலோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

மூக்கில் ஏறினால்: நல்ல காற்றுக்கு வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் மருத்துவமனைக்குப் போங்கள்.

விழுங்கிவிட்டால்: வாயைக் கொப்பளிக்க வையுங்கள். நினைவோடு இருந்தால் ஒன்றிரண்டு மடக்கு தண்ணீர் கொடுக்கலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உள்ளே போன காரம் திரும்பி வரும்போது தொண்டையை இரண்டாம் முறை புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணீர் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். மூட்டையின் லேபிளையோ ரசீதையோ கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ வெள்ளைப் பொடிங்க டாக்டர்" என்று சொன்னால் அவர் எதற்கென்று மருந்து கொடுப்பார்?

சிந்தியதும் மிச்சமும்

கீழே சிந்தினால் முதலில் தூசி கிளம்பாமல் உலர்வாகக் கூட்டி அள்ளுங்கள். அப்புறம் ஈரத்துணியால் துடையுங்கள். காலி மூட்டையை உதறி நெல்லுக்கோ அரிசிக்கோ பயன்படுத்தாதீர்கள். கிழித்துவிடுங்கள்.

பாத்திரம் கழுவிய காரத் தண்ணீரை வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள். முதலில் சொன்ன களர் நிலம் நினைவிருக்கிறதா? அந்த நிலத்தைத் திருத்தத்தான் ஜிப்சம் போடுகிறோம், களர் தாங்கும் திருச்சி 3 மாதிரியான நெல் ரகத்தைத் தேடுகிறோம். ஒரு பக்கம் ஜிப்சம் வாங்கிக் கொட்டிவிட்டு, இன்னொரு பக்கம் நாமே சோடாவை ஊற்றலாமா? கழுவுகிற தண்ணீரைக் குறைவாக எடுத்து, அதையே அடுத்த தடவை பாத்திரமோ தரையோ கழுவப் பயன்படுத்துங்கள்.

கூட்டங்களில் கேட்ட சில கேள்விகள்

"அப்பளத்துல போடுற காரமும் இதுதானே மேடம்? அப்ப ஏன் சாப்பிடக் கூடாதுங்குறீங்க?"

நல்ல கேள்வி. அப்பளக்காரமும் இதே இனம்தான். ஆனால் உணவுக்கென்று சுத்தம் செய்து, உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோடு வருவது வேறு. சலவைக்கு வருகிற மூட்டை வேறு. சலவை மூட்டையில் கலந்திருக்கிற மற்ற அழுக்குகளை உணவுக்கு என்று யாரும் சோதிப்பதில்லை. அளவும் முக்கியம். அப்பளத் தொழில் செய்கிற குழுக்கள் உணவுத் தரம் என்று அச்சிட்டதை மட்டும் வாங்குங்கள். ஒரே குழு இரண்டு தொழிலும் செய்தால் இரண்டையும் ஒரே அறையில் வைக்கவே வேண்டாம்.

"கட்டியாப் போன சோடாவைக் கொட்டிடணுமா?"

வேண்டாம். தூசி பறக்காமல் உடைத்து, தண்ணீரில் கரைத்துத் தரை, பாத்திரம் கழுவப் பயன்படுத்தலாம். விற்பனைப் பவுடருக்கு மட்டும் போடாதீர்கள்.

"இத்தனை வருஷமா வெறுங்கையாலதான் கலக்குறோம். என்ன ஆச்சு?"

கையைக் காட்டுங்கள் அக்கா. விரல் இடுக்கில் இருக்கிற வெடிப்பு எப்போது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வயல் வேலையால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருப்போம். கையுறை ஆகும் செலவைத் தொழில் செலவில் எழுதுங்கள். அது ஆடம்பரம் இல்லை.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

இந்தப் பக்கத்தைக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றைத் தீர்மானமாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

1. குழுவின் மூலப்பொருள் எல்லாம் ஒரே இடத்தில், பூட்டோடு இருக்கும். சாவி யாரிடம் என்று பதிவேட்டில் எழுதுவோம்.

2. பெயர் அட்டை இல்லாத டிரம்மோ பாட்டிலோ இருக்காது.

3. கையுறை, கண்ணாடி, முகக்கவசம் தொழில் செலவில் வாங்குவோம்.

4. மாதம் ஒரு முறை இரண்டு உறுப்பினர்கள் போய்ப் பார்த்து எழுதி வைப்பார்கள்.

கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். அடுப்படி மாடத்தில் இருக்கிற ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்து, "இது என்ன?" என்று வீட்டில் இருக்கிற பெரிய பிள்ளையிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிற பாட்டில் எதுவோ, அதற்கு அன்றைக்கே பெயர் எழுதி, எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். உங்களுக்கே அது என்னவென்று தெரியவில்லை என்றால், யாரும் எடுத்துச் சாப்பிட முடியாதபடி அதை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள்.